உதயம்: ஒரு கோடு

டிசம்பர் தாளில் விரல் வைத்து இறங்குகிறேன்.
ஒன்பது: உதயம், கோடு. மறைவு, கோடு.
பத்து: கோடு, கோடு.
பதினொன்று அமாவாசை,
கேட்கவே வேண்டாம்.
அச்சடித்தவன் தூங்கிவிட்டான் என்றுதான்
இந்த வேலைக்கு வந்த முதல் வருடம் நினைத்தேன்.

பாட்ஸ்ஃபியோர்ட் மலைப்பாதையில்
சூரியன் நவம்பரில் போனது போனதுதான்.
மிச்சமுள்ள ஒரே விளக்குக்கோ
வேலை நேரம் என்று ஒன்று கிடையாது.
வந்தால் ஒரு வாரம் கிளம்புவதில்லை,
போனால் ஒரு வாரம் எட்டிப் பார்ப்பதில்லை.

நான் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறேன்.
எனக்கு நிலவு எதற்கென்றால்,
நிலவிருந்தால் சாலையோரக் கம்பங்கள் நிழல் போடும்.
நிழல் எங்கே மடிகிறதோ
அங்கே தார் முடிகிறது,
பள்ளம் தொடங்குகிறது.
வண்டியின் ஆறு விளக்கும் சேர்ந்து
இதைச் சொல்வதில்லை.
விளக்கு வெள்ளையை இன்னும் வெள்ளையாக்கும், அவ்வளவுதான்.

அட்டவணை போட்டவருக்குக் கண்முன் கடல்.
எனக்கு மலை.
அவர் மணியும் என் மணியும் ஒத்துப்போவதில்லை.
ஆகவே ஓரத்தில் பென்சிலால் எனக்கென்று ஒரு பத்தி:
எந்தக் கம்பத்தருகே நிலவு கண்ணில் பட்டது, அந்த எண்.
பதினெட்டு, அரை நிலவு: 140.
இருபது: 88.
இதெல்லாம் போன வருடத்துக் கணக்கு.

பதினான்காம் தேதிக்கு அட்டவணை தருவது
பிற்பகல் 12.51. மறைவு 2.07.
ஒரு மணி நேரச் சொச்சம்.
அடிவானத்தில் முழங்கை ஊன்றிவிட்டு
இறங்கிவிடும் நிலவு.
ஏழு வருடமாக அந்தத் தேதிக்கு
என் பத்தி காலி.

இந்தப் பதினான்கில்
கான்வாயின் நான்காவது வண்டி,
வீட்டெனிஸின் மீன் லாரி,
உச்சியில் குறுக்காக நின்றுவிட்டது.
பின்னால் ஏழு வண்டிகள்.
ரேடியோவில் லிதுவேனிய மொழியில் வசவு.
சங்கிலியோடு இறங்கினேன்,
தாடை மரத்துப்போனது,
கொக்கியை மாட்டிவிட்டு நிமிர்ந்தால்

தெற்கே, பனிமேட்டின் விளிம்பில்,
பிறை.
படுத்திருக்கவில்லை, செங்குத்தாக நின்றது.
திறக்காமலே மூடிய ஓர் அடைப்புக்குறி.
மேலே ஏறவும் இல்லை.
விளிம்போடு வலப்பக்கமாக நடந்தது,
கதவு திறந்திருக்கிறதா என்று
வீடுவீடாகப் பார்ப்பதுபோல.

"ஹெர்பியோர்க், என்ன ஆச்சு?" ரேடியோ.
எல்லாரும் ஒரு நிமிடம் விளக்கை அணையுங்கள் என்றேன்.
ஏன் என்று கேட்டார்கள்.
அணைத்தார்கள்.
ஒன்பதாவது வண்டி மட்டும் எரியவிட்டது,
பேட்டரிமேல் நம்பிக்கை இல்லையாம்.

யாரும் எதுவும் பேசவில்லை.
வீட்டெனிஸ் தொப்பியைக் கழற்றினான்,
காது உறைந்ததும் திரும்பப் போட்டுக்கொண்டான்.
பனி நீலமாக இருந்தது
என்று பிறகு உணவகத்தில் ஒருத்தி சொன்னாள்.
நான் கம்பத்தைத்தான் பார்த்தேன்: 212.

அதன்பிறகு தினமும்
ஒரு மணி நேரம் முந்தி வந்தது,
இரண்டு மணி நேரம் பிந்திப் போனது,
கூச்சம் விட்ட விருந்தாளி.
இருபத்திரண்டில் போவதையே நிறுத்திவிட்டது.
வடக்கில்கூடத் தாழ்ந்ததே தவிர விழவில்லை,
தலையைச் சுற்றிச் சுற்றி,
இருபத்தைந்தில் முழு வட்டமாகி.

அந்த நாட்களின் கட்டத்திலும் கோடுதான்.
வராததற்குப் போட்ட அதே கோடு
போகாததற்கும்.
படிக்கிறவர்தான் ஜன்னலைத் திறந்து பார்த்து
எது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

என் ஜன்னலில் கறுப்புத் திரை போட்டு
நான்கு பக்கமும் டேப் ஒட்டியிருக்கிறேன்.
காலை நான்குக்கு வேலை.
இடது மூலையில் டேப் விட்டிருக்கிறது,
போர்வைமேல் ஒரு வெள்ளைக் கீற்று,
எழுந்து ஒட்ட வேண்டும்.